பழைய புத்தகம், புதிய குழந்தை

இன்றைய செய்தி தானாகவே வீடு தேடி வந்துவிடும். நூறு வருடத்துக் கதையை யாராவது கையில் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. வங்காளத்தின் ராய் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காட்டிய உண்மை இது.

1923 செப்டம்பர் 19ம் தேதி கல்கத்தாவில் குழந்தைகளுக்கான சிறிய கவிதைப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. பெயர் 'ஆபோல் தாபோல்'. 'ஏதேதோ உளறல்' என்று தமிழில் சொல்லலாம். கவிதை எழுதி, படமும் வரைந்து, பக்கங்களையும் அமைத்துக் கொடுத்த சுகுமார் ராய், அச்சாகி வந்த புத்தகத்தைப் பார்க்கவில்லை. காலா அசார் என்ற கொடிய காய்ச்சலில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவதிப்பட்டு, ஒன்பது நாட்களுக்கு முன்புதான் இறந்துபோயிருந்தார். வயது 35. மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது.

அந்த மாதத்தின் பெரிய செய்திகள் வேறு. செப்டம்பர் 1ம் தேதி ஜப்பானை உலுக்கிய பூகம்பத்தில் டோக்கியோவும் யோகோஹாமாவும் நாசமாகியிருந்தன. டெல்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு, சட்டசபைத் தேர்தலில் நிற்க விரும்பிய சுயராஜ்யக் கட்சிக்காரர்களுக்கு வழிவிட்டிருந்தது. விவரமறிந்தவர்கள் வீடுகளில் இவற்றைப் பற்றித்தான் பேச்சு நடந்திருக்கும். குழந்தைகளுக்கான உளறல் பாட்டு அன்றைய தேதியில் யாருக்கும் அவசரமான விஷயமாக இருந்திருக்க முடியாது.

நூறு வருடத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ். அந்த மாநாட்டைச் சரித்திரம் படிப்பவர்கள் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். அந்த உளறல் பாட்டையோ, பள்ளிக்கூடம் போகாத வயதிலேயே வங்காளிக் குழந்தைகள் ஒப்பிக்கிறார்கள். புத்தகத்தில் சுகுமார் ராய் படைத்த விசித்திரப் பிராணிகள் அகராதிக்குள்ளேயே குடியேறிவிட்டன. சிரிப்பே ஆகாது என்று முகத்தை இறுக்கி வைத்திருக்கும் மனிதரை வங்காளிகள் 'ராம்கருடன் குஞ்சு' என்பார்கள். ஒட்டாத இரண்டை ஒட்டவைத்தால் அதற்கு 'ஹான்ஸ்ஜாரு' என்று பெயர். 'ஹான்ஸ்' என்பது வாத்து, 'ஸஜாரு' என்பது முள்ளம்பன்றி. இரண்டுக்கும் பொதுவான 'ஸ' ஓசையில் வெட்டி ஒட்டிய பிராணி அது. தமிழில் செய்வதானால் 'வாத்துள்ளம்பன்றி' என்று ஏதாவது முயற்சி செய்யவேண்டும். பொருந்தாத அரசியல் கூட்டணியைக் கேலி செய்ய இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது.

குழந்தைக்கு எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது என்று கடையில் நின்று யோசிக்கும் பெற்றோர்கள் இந்த ஒரு புத்தகத்தின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இன்று நம் ஊர்க் கடைகளின் குழந்தைகள் அலமாரியில் முன்வரிசை அப்போதைக்கு மவுசுள்ள சரக்குக்குத்தான். டி.வி. கார்ட்டூன் பாத்திரத்தின் படம் போட்ட புத்தகம், இந்த வருடத்துப் பொது அறிவுக் களஞ்சியம், வினாடி வினா, நுழைவுத் தேர்வுக்கு ஆரம்பப் பயிற்சி. அடுத்த வருடம் அந்தக் கார்ட்டூன் போய் வேறொன்று வரும். களஞ்சியம் எடைக்குப் போகும். அந்த இடத்தில் இன்னொரு புதுப் புத்தகம் வந்து உட்காரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'லேட்டஸ்ட்' என்ற கவலை பெரியவர்களுடையது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எல்லாமே புதுசுதான். காக்கையும் நரியும் அதற்கு இன்று காலை நடந்த செய்தி. எந்தப் புத்தகம் எந்த வருடத்தில் அச்சானது என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. பிடித்திருந்தால் "இன்னொரு தடவை" என்று சொல்கிறது. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுகிறது. பிரசுரித்த தேதியைப் பார்த்து மயங்காத விமர்சகர் அது ஒன்றுதான்.

செய்தியும் இனிப்பும்

'ஆபோல் தாபோல்' கவிதைகளில் பெரும்பாலானவை முதலில் ஒரு மாதப் பத்திரிகையில் வந்தவை. அதன் பெயர் 'சந்தேஷ்'. வங்காளியில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று செய்தி. மற்றது, பாலைத் திரித்துச் செய்யும் பிரபலமான இனிப்பு. இரண்டுமே சீக்கிரம் கெட்டுப்போகக்கூடியவை என்பது தெரிந்தும், சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913ல் தன் குழந்தைகள் பத்திரிகைக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்.

உபேந்திரகிஷோர் சாதாரண ஆள் அல்ல. ஓவியர், வயலின் கலைஞர், அச்சுத் தொழில் நிபுணர். குழந்தைகளுக்காக அவர் எழுதிய ராமாயணத்தில் படங்கள் மோசமாக அச்சாகி வந்தபோது, அச்சகத்தாரைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, 1895ல் சொந்தமாக பிளாக் செய்யும் தொழிலை ஆரம்பித்தார். ஹாஃப்டோன் முறையில் அவர் செய்த ஆராய்ச்சிகளைப் பற்றிய கட்டுரைகள் லண்டனின் 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் வெளிவந்தன. குழந்தைகள் புத்தகத்தில் ஒரு படம் சரியாக விழவேண்டும் என்பதற்காக ஒரு தொழிலையே உருவாக்கியவர் அவர். 1910ல் அவர் வெளியிட்ட, தையல்சிட்டை நாயகனாகக் கொண்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு இன்றும் விற்கிறது.

1915 டிசம்பரில் அவர் இறந்ததும் பத்திரிகை மகன் கைக்கு வந்தது. சுகுமார் ராய் இங்கிலாந்தில் அச்சுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். அறிவியலில் பட்டம் பெற்றவர். கதை, கவிதை, நாடகம் மட்டுமல்லாமல், அன்றைய புதிய கண்டுபிடிப்புகளைப் பற்றியும் குழந்தைகளுக்காக ஏராளமாக எழுதினார். அவை தெளிவான, நல்ல கட்டுரைகள். அன்றைக்கு நவீனமானவையும் கூட.

இங்கேதான் ஒரு சோதனை தானாகவே நடந்திருக்கிறது. அதே பேனா. அதே பத்திரிகை. அதே வாசகர்கள். அன்றைய அறிவியலைச் சொன்ன கட்டுரைகள் இன்று தொகுப்பு நூல்களில் பத்திரமாக இருக்கின்றன. எந்தத் தகவலுக்கும் உத்தரவாதமில்லாத உளறல் பாட்டு மட்டும் தெருவுக்கு வந்து, குழந்தைகள் வாயில் தொற்றிக்கொண்டது. கட்டுரைகள் மட்டம் என்பது இதற்குப் பொருள் அல்ல. தகவலைவிடப் புதிய தகவல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். யானையையும் திமிங்கிலத்தையும் ஒட்டிய பிராணியைவிட மேம்பட்ட மாடலை யாரும் கொண்டுவந்து விற்க முடியாது.

அதற்காக, சுகுமார் ராய் தன் காலத்தை விட்டு விலகி ஓடியவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆபோல் தாபோலில் மீசை திருட்டுப் போய்விட்டதாகக் கத்தி ரகளை செய்யும் ஹெட் ஆபீஸ் பாபு, அன்றைய கல்கத்தாவின் அரசாங்க அலுவலகங்களில் நிறையவே இருந்த மனிதர்தான். வழுக்கி விழுந்தால்கூட அபராதம் போடும் வினோதச் சட்டங்கள் கொண்ட ஒரு நாட்டைப் பற்றிய கவிதையும் அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியது. ஆனால் எந்த வைஸ்ராயின் பெயரும் அதில் இல்லை. அதனால்தான் அந்த ஆட்சி போன பிறகும் அந்தக் கவிதைக்கு வேலை இருக்கிறது. சட்டம் கிறுக்குத்தனமாக மாறும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவருக்கு அது ஞாபகம் வருகிறது. காலத்தை வெல்லும் எழுத்து காலத்துக்கு வெளியே பிறப்பதில்லை. தன் காலத்தைக் கூர்ந்து பார்த்து, அதில் போகாமல் நிற்பதை எடுத்துக்கொள்கிறது.

நாற்பதில் திரும்பும் வயது

சுகுமார் ராயின் இன்னொரு புகழ்பெற்ற கதை 'ஹ ஜ ப ர ல'. எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுபோல் பெயர். கதையும் அப்படியே. வியர்வையைத் துடைக்க எடுக்கும் கைக்குட்டை பூனையாகிவிடுகிறது. காக்கை ஒன்று சிலேட்டு வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அதில் வரும் ஒரு கிழவர் வயதைப் பற்றி விசித்திரமான விதி ஒன்று சொல்கிறார். அவர்கள் ஊரில் வயது நாற்பதை எட்டியதும் அதைத் திருப்பி விட்டுவிடுவார்களாம். பிறகு முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கும். பத்து வரை வந்ததும் மறுபடி ஏறும். ஆகவே யாருமே கிழவராகிச் சாவதில்லை.

நாற்பது வயதைப் பார்க்காமலே போனவர் எழுதிய விதி இது. தெரிந்து படிக்கும் பெரியவர்களுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். குழந்தைகளுக்கு அது தெரியாது. அவர்கள் சிரிக்கிறார்கள். ஒரே பக்கம் எட்டு வயதில் ஒன்றும் ஐம்பது வயதில் இன்னொன்றும் தருவது நல்ல குழந்தை இலக்கியத்துக்கு மட்டுமே வாய்க்கும் வரம். வருடாந்தரப் பொது அறிவுக் களஞ்சியத்தை ஐம்பது வயதில் யாரும் எடுத்துப் பிரிப்பதில்லை.

சுகுமார் இறந்த சில வருடங்களில் குடும்பத்தின் அச்சு நிறுவனம் நொடித்துப்போனது. 'சந்தேஷ்' நின்றது. இடையில் கொஞ்ச காலம் மறுபடி வந்து மறுபடி நின்றது. தாயார் சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தன் சகோதரர் வீட்டுக்குப் போனார். அப்பாவைப் பற்றி சத்யஜித்துக்கு நேரடி ஞாபகம் ஏறக்குறைய எதுவும் கிடையாது. அவர் அப்பாவைத் தெரிந்துகொண்டது அப்பா எழுதியதிலிருந்தும் வரைந்ததிலிருந்தும்தான். அந்தப் புத்தகங்களை யாரும் எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால்? கேள்வி கற்பனைதான். ஆனால் வங்காளத்தின் கலை வரலாறே வேறு மாதிரி போயிருக்கும்.

1940களில் சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகம், விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைக் குழந்தைகளுக்காகச் சுருக்கி வெளியிட முடிவு செய்தது. படம் வரையும் வேலை, விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த இளைஞர் சத்யஜித்திடம் வந்தது. சுருக்கப் பதிப்பின் பெயருக்கு 'மாங்கொட்டை ஊதல்' என்று அர்த்தம். அதற்குப் படம் வரைந்தபோதுதான் இதைத் திரைப்படமாக எடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு முளைத்தது. 1955ல் வெளியான 'பதேர் பாஞ்சாலி' உலக சினிமாவில் இந்தியாவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. அதன் விதை ஒரு குழந்தைகள் புத்தகத்தில் இருந்தது.

1961 மே மாதம் சத்யஜித், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயாவுடன் சேர்ந்து 'சந்தேஷ்' பத்திரிகையை மறுபடி தொடங்கினார். பிறகு அத்தை லீலா மஜும்தாரும் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். அந்த மாதம் சத்யஜித்துக்குச் சரியாக 40 வயது. அப்பாவின் கதையில் வரும் கிழவர் சொன்னபடி வயதைத் திருப்பிவிட்டதுபோல், அதுவரை கதை எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாத மனிதர் குழந்தைகளுக்காக எழுத உட்கார்ந்தார். பத்திரிகைக்குச் சரக்கு வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தவர்தான் விஞ்ஞானி புரொபசர் ஷோங்கு. 1965ல் துப்பறியும் ஃபெலுதா வந்தார்.

ஃபெலுதா கதைகள் எழுதப்பட்ட காலத்தில் முழுக்க முழுக்க 'இன்றைய' கதைகள். கல்கத்தாவின் தெருக்கள், ரயில் பயணம், டெலிபோன், ஹோட்டல் அறை. இன்று படித்தால் அதில் செல்போன் இல்லை. இன்டர்நெட்டில் தேடும் வசதி இல்லை. சந்தேகம் வந்தால் துப்பறிவாளர் விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போகிறார். ஆனாலும் வங்காளிச் சிறுவர்கள் அதைப் படிப்பதை நிறுத்தவில்லை. மர்மத்தை மூளையால் அவிழ்க்கும் சுகம் பழசாகவில்லை. ஃபெலுதாவின் 'சோனார் கேல்லா' கதையையும் 1974ல் வந்த அதன் படத்தையும் நினைத்துக்கொண்டு ராஜஸ்தானத்து ஜெய்சால்மர் கோட்டையைப் பார்க்கப் போகும் வங்காளிகள் இன்றும் உண்டு. ஒரு பாலைவன நகரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுப்பும் வேலையை ஒரு சிறுவர் கதை செய்கிறது.

தாத்தா உபேந்திரகிஷோர் 1915ல் 'சந்தேஷில்' எழுதிய ஒரு கதையும் இப்படித்தான் மறுபிறவி எடுத்தது. பாட வராத பாடகனும் மேளம் வாசிக்க வராத மேளக்காரனும் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, காட்டில் பேய்களிடம் வரம் வாங்கும் கதை. தன் மகன் சந்தீப் தனக்கும் பார்க்கும்படியாக ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்டதால் சத்யஜித் இதைக் கையில் எடுத்தார். 1969ல் 'கூபி காயின் பாகா பாயின்' வெளிவந்து கல்கத்தாவில் மாதக்கணக்கில் ஓடியது. போருக்குக் கிளம்பிய பசித்த சிப்பாய்கள், வானத்திலிருந்து இறங்கும் இனிப்புப் பானைகளைப் பார்த்து ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடும் காட்சியை மறந்தவர் யாரும் இல்லை. தாத்தாவின் கதை, பேரனின் படம், கேட்டது கொள்ளுப்பேரன். இனிப்பும் செய்தியும் ஒன்றான இடம் அது.

பாட்டியின் பை

இது வங்காளிகளுக்கு மட்டுமான கதை அல்ல. குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்ற கவலை இந்தியா முழுவதிலும் பல முறை எழுந்து, பல விதமாகப் பதில் கண்டிருக்கிறது.

1907ல் சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரத்தில் தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார், கிராமத்துக் கிழவிகள் வாயால் கேட்ட கதைகளைத் தொகுத்து 'பாட்டியின் பை' என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் தாகூர். துணிதான் மான்செஸ்டரிலிருந்து வருகிறது என்றால், பாட்டியின் கதைப்பையும் அங்கிருந்துதான் வரவேண்டுமா என்ற வருத்தம் அதில் தொனிக்கிறது. அந்தத் தொகுப்பும் நூறாண்டு தாண்டி அச்சில் இருக்கிறது.

குஜராத்தின் பாவ்நகரில் 1920ல் குழந்தைகள் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகாவுக்கு எதிரி வேறு. பரீட்சை. அவருடைய 'திவாஸ்வப்னா'வில் வரும் வாத்தியார், நாலாம் வகுப்பில் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். பாடம் எப்போது முடியும் என்று கவலைப்படுகிறார்கள். கதை கேட்க அமைதியாக உட்காரப் பழகிய பிள்ளைகள் பிறகு தாங்களாகவே புத்தகத்தை எடுக்கிறார்கள். எழுதித் தொண்ணூறு வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மற்ற ஆசிரியர்களின் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் ஆரம்பித்த 'சந்தமாமா', அதாவது நம் 'அம்புலிமாமா', பிறகு பல இந்திய மொழிகளுக்குப் போனது. அதன் நிரந்தரக் கவர்ச்சி விக்கிரமாதித்தனும் வேதாளமும். மூலத்தில் இருக்கும் கதைகள் இருபத்தைந்துதான். பத்திரிகை அந்தச் சட்டத்துக்குள்ளேயே மாதா மாதம் புதுக் கதைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. முடிவில் கேள்வி கேட்கும் வேதாளம், மௌனம் கலைந்தால் மறுபடி முருங்கை மரம். அந்தப் பழைய சட்டம் உடையவே இல்லை. 2013ல் உடைந்தது பத்திரிகைதான். கதை சாகாவிட்டாலும் அதைச் சுமந்து வரும் வண்டி நின்றுபோகலாம் என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது பஞ்சதந்திரம். மந்தமான மூன்று இளவரசர்களுக்கு அரசியல் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொடுக்க விஷ்ணு சர்மா சொன்ன கதைகள் என்று அதன் முன்கதை சொல்கிறது. அதாவது அன்றைய கணக்கில் அதுவும் ஒருவகைப் பரீட்சைப் பயிற்சிதான். ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டைன் 1678ல் தன் கதைகளுக்கு இந்திய ஞானி ஒருவருக்குக் கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த இளவரசர்கள் ஆண்ட ராஜ்ஜியம் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கதை மட்டும் எல்லையைக் கடந்துகொண்டே இருந்தது.

பழசு எல்லாம் பொன் அல்ல

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது. அதையும் கேட்கவேண்டும். பழைய கதைகளில் மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி. கறுப்பு என்றால் ராட்சசன். இளவரசி என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவள். சாதிப் பெருமை பேசும் கதைகளுக்கும் பஞ்சமில்லை. வயதாகிவிட்ட ஒரே காரணத்துக்காக எந்தக் கதைக்கும் கும்பிடு போடவேண்டியதில்லை. அன்றைய 'சந்தேஷ்' பக்கங்களிலும் காலத்தோடு போய்விட்டவை உண்டு. காலம் சலித்து எடுத்ததைத்தான் நாம் பார்க்கிறோம். சலித்ததில் தங்கிய கல்லைப் பொறுக்கிப் போடுவது கதை சொல்பவர் பொறுப்பு. பாட்டிகள் எப்போதும் அதைச் செய்துதான் வந்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு இன்றைய உலகமும் தேவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போன்ற பிள்ளை, அதே மாதிரி ஃபிளாட், அதே மாதிரிப் பள்ளிக்கூடம் வரும் கதைகளும் தேவை. தன் வாழ்க்கையைப் புத்தகத்தில் ஒரு தடவைகூடப் பார்க்காத பிள்ளைகள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்று எழுதப்படும் கதைகளில் சில, நாளைய 'ஆபோல் தாபோல்' ஆகலாம். எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. 1923லும் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே பழசா புதுசா என்பது கேள்வி அல்ல. யார் எதற்குப் பொறுப்பு என்பதுதான் கேள்வி. இன்றைக்கு மவுசுள்ள விஷயத்தைக் குழந்தையிடம் சேர்க்க டி.வி. இருக்கிறது, செல்போன் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பையன் இருக்கிறான். அதற்கு அப்பா அம்மாவின் உதவி தேவையில்லை. நூறு வருடத்துக் கதைக்கு விளம்பரம் செய்ய யாரும் இல்லை. அதற்கு இருக்கும் ஒரே ஏஜென்ட் வீட்டிலுள்ள பெரியவர்தான். அவர் கைவிட்டால் அந்தக் கதை அந்த வீட்டோடு முடிந்தது.

கொல்கத்தாவில் இன்று கவலை தருவது இதுதான். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பல வங்காளிக் குழந்தைகள் தாய்மொழியைச் சரளமாகப் பேசுகிறார்கள், படிக்கத் தடுமாறுகிறார்கள். 'ஆபோல் தாபோல்' அவர்களுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொண்ட ஓசை. புத்தகமாக அதைத் திறக்கும் நாள் பலருக்கு வருவதில்லை. இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகள் உண்டு. சத்யஜித்தே சிலவற்றை மொழிபெயர்த்தார். சுகாந்த சௌத்ரி 1987ல் கொண்டுவந்த தொகுப்பு பாராட்டுப் பெற்றது. நல்ல முயற்சிகள். ஆனால் வாத்தும் முள்ளம்பன்றியும் வங்காளியில் ஒட்டிக்கொள்வது ஒரு எழுத்தின் ஓசையில். வேறு மொழியில் அந்த ஒட்டைப் புதிதாகத்தான் போடவேண்டும். மொழி படிக்கத் தெரியாமல் போனால் முதலில் தொலைவது வேடிக்கைதான். இலக்கணப் புத்தகம் பத்திரமாக இருக்கும்.

இத்தனைக்கும் விலை ஒரு தடை அல்ல. சுகுமார் ராயின் எழுத்துகளுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் மலிவுப் பதிப்புகளுக்குக் குறைவில்லை. காலேஜ் தெருவின் புத்தகக் கடைகளிலும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கும் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியிலும் அது கிடைக்காத நேரம் கிடையாது. எந்த மாநிலத்திலும், அந்த ஊரின் பழைய கதைகள்தான் கடையில் மலிவான புத்தகங்கள். செலவு பணத்தில் இல்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் சத்தமாகப் படிக்க ஒரு பெரியவர் உட்காரவேண்டும். அதுதான் செலவு.

எந்தப் புத்தகம் தேறும் என்று கண்டுபிடிக்கவும் அந்த இருபது நிமிடமே போதும். படிக்கும் பெரியவருக்கு மூன்றாவது இரவிலும் கொட்டாவி வராமல் இருக்கவேண்டும். குழந்தை அடுத்த வரியை முந்திக்கொண்டு சொல்லவேண்டும். 'இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று கேட்காமலே புத்தகத்தை மூட முடியவேண்டும். இந்த மூன்றையும் தாண்டும் புத்தகம் போன மாதம் வந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. தாண்டாத புத்தகம் நூறு வயதானாலும் பிரயோஜனமில்லை. ஆனால் நூறு வருடம் நின்ற புத்தகம் இந்தப் பரீட்சையை ஏற்கனவே பல ஆயிரம் வீடுகளில் எழுதித் தேறியிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சுகுமார் ராய் தன் மகனுக்கு 'ஆபோல் தாபோல்' புத்தகத்தைப் படித்துக் காட்டவில்லை. அதற்கு அவருக்கு நாள் கிடைக்கவில்லை. வேறு யாரோ படித்துக் காட்டினார்கள். 1987ல், அப்பாவின் நூற்றாண்டில், மகன் அப்பாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். தனக்கு ஞாபகமே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி, அந்த மனிதர் விட்டுப்போன சிரிப்பை வைத்துக்கொண்டு.